தான்சோனில் நின்று பேசும் நேரம்

மார்ச் 4, சனி

இன்றும் சதுக்கத்தில் எலிசேயோவோடுதான் ஆடினேன். வெராக்ரூஸில் எங்களைப் போல் தலை நரைத்தவர்களுக்குத் தான்சோன் ஒன்றுதான் நடனம் என்பது அவர் கட்சி. மாம்போ என்றால் வியர்வை, பொலேரோ என்றால் அழுகை, கும்பியா என்றால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது. சா-சா-சா சின்னப்பிள்ளை விளையாட்டாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு இவ்வளவு வாய்.

ஆனால் ஆட ஆரம்பித்தால் மூச்சு விடமாட்டார். பல்லவி திரும்ப வரும்போது எல்லா ஜோடியும் நின்று இளைப்பாறுவோமே, அப்போது மட்டும்தான் பேச்சு. ஆடிக்கொண்டே பேசுகிறவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை.

மார்ச் 7

தங்கை அமாலியா கேட்கிறாள்: "அக்கா, அந்தாளு உனக்கு யாரு?" ஆட்டத்துணை என்றேன். "அப்ப சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எதுக்குப் புது சென்ட்டு வாசனை?" என்கிறாள். இவளுக்கு மூக்கு அதிகம்.

மார்ச் 11, சனி

பல்லவிக்கு நின்றபோது சொன்னார்: வடக்கே மான்டெரேயிலிருந்து மகள் கூப்பிடுகிறாளாம், தன்னோடேயே வந்து இருந்துவிடச் சொல்லி. அதற்குள் பல்லவி முடிந்தது, ஆட வேண்டியதாயிற்று. எப்படி ஆடினேனோ. அடுத்து நின்றபோது என் வாய் சும்மா இருந்ததா?

"போங்க, போங்க. வடக்க அக்கார்டியன வச்சு குதிச்சுக் குதிச்சுப் போல்கா ஆடுவாங்க. உங்க முட்டிக்கு ரொம்ப நல்லது" என்றேன்.

சிரித்தார். சிரிக்கிறார் மனுஷன்.

மார்ச் 13

போகட்டுமே. எனக்கென்ன.

மார்ச் 14

எனக்கென்னவாம்! காலையில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் இருமல் மருந்து கேட்ட அம்மாளுக்கு வயிற்றுப்போக்கு மாத்திரையை எடுத்து நீட்டினேன். நல்ல வேளை, அந்த அம்மாள் கண்ணாடி போட்டிருந்தாள்.

வாயைத் திறந்து போகாதீர்கள் என்று சொல்லேன் என்கிறாள் அமாலியா. இந்த வயசிலா? சொல்லி, அவர் மறுபடியும் சிரித்துவிட்டால்? ஆட வேறு ஆள் கிடைப்பார். ஆனால் எனக்கு வேண்டியது ஆட ஆள் இல்லை. எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 18, சனி

வடக்குக் காற்று. சதுக்கத்தில் நாற்காலிகள் பறக்கின்றன. ஆட்டம் இல்லை.

மார்ச் 25, சனி

சொல்லிவிட்டேன். முதல் பல்லவியில் நின்றபோது, அவர் முகத்தைப் பார்க்காமல், "போகாதீங்க. நீங்க இங்க இருக்கணும் எனக்கு" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். பல்லவி முடிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு என் இடுப்பில் கை வைத்து ஆட ஆரம்பித்துவிட்டார்! ஒருத்தி மானத்தை விட்டுக் கேட்டிருக்கிறேன், இவருக்கு அடி தப்பக்கூடாது. சொல்லித் தொலையுங்களேன் என்று முணுமுணுத்ததற்குக் கண்ணாலேயே அதட்டினார். கிளாரினெட்காரன் இழுக்கிறான், இழுக்கிறான். வேண்டுமென்றே அவர் காலை மிதித்தேன்.

ஒருவழியாக நின்றோம்.

"வரலன்னு மககிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன்."

"அத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ இருக்கச் சொல்வியான்னு பாத்தேன். நீ போல்கா ஆடச் சொன்னே."

ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய்ப் பேச ஆரம்பித்தார். பல்லவி முடிந்தும் நிறுத்தவில்லை. சதுக்கமே ஆடுகிறது, நடுவில் நாங்கள் மட்டும் நிற்கிறோம். இடித்துக்கொண்டு போனவர்கள் முறைத்தார்கள். அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

மே 6, சனி

எலிசேயோ என் சமையலறையில் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். என் இஸ்திரிப்பெட்டி சூடாகவில்லையாம், காபி தண்ணீராம், ஜன்னல் கிரீச்சிடுகிறதாம். விடிந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. நின்ற இடத்தில் மட்டும் பேசுகிறவர் என்று நம்பி ஏமாந்துவிட்டேன்.

மான்டெரேயிலிருந்து மகள் போன் செய்தாள். அப்பா ரொம்பப் படுத்துகிறாரா என்றாள். தாங்கமுடியவில்லை என்றேன். அப்படியானால் இங்கே அனுப்பிவிடுங்கள் என்றாள்.

அதெல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.