ரெஜினாவின் மூக்கும் கால் பார் அழுத்தமும்

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் காருக்குள் தலையை விட்டுவிட்டேன். டிசம்பர் மழையில் இருக்கை வரை தண்ணீர் ஏறி, பெட்ரோல் இன்ஜெக்ஷனை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் பெட்டி செத்தது. பழைய சாமான் கடையில் வாங்கிய பெட்டி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இந்த மாடலுக்குப் புதிது வருவதே இல்லையாம்.

என்னோடு பள்ளியில் படித்த சுப்பிரமணி புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். இதே காரின் பழைய மாடலில் இருந்த கார்பரேட்டரை மாட்டிவிடலாம் என்கிறான், பெட்ரோலைக் காற்றோடு கலக்க அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாமாம். காற்றுப்பாதையான மேனிஃபோல்டும், பிளக்குகளுக்குப் பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் அவன் பொறுப்பு. டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை பெட்ரோலைக் கொண்டுவந்து சேர்ப்பது நான். மறைமலைநகரில் பதினோரு வருஷமாக எரிபொருள் குழாய்களுக்குக் கசிவுச் சோதனை செய்கிறவன். இதுகூடவா முடியாது?

கார் என் மனைவி ரெஜினாவுடையது. அவள்தான் ஓட்டுவாள். இரண்டு மாதமாக விடியும் முன்பே டார்ச் அடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறாள், செங்கல்பட்டில் ஏழு மணி டியூட்டிக்கு. தீக்காய வார்டில் நர்ஸ். ஒரே நிபந்தனைதான் போட்டாள்: “மூணு நாளு மோந்து பாப்பேன். ஒரு சொட்டு பெட்ரோல் வாசனை வந்தாலும் ஏற மாட்டேன். அப்பால எடைக்குப் போட்டுடலாம்.”

பிப்ரவரி 5

கார்பரேட்டரைத் திறந்து பார்த்தேன். இவ்வளவு எளிமையா! உள்ளே சின்னத் தொட்டி, அதில் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலேறி, ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் அதே பந்துதான். இதை யோசித்தவனுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் அந்த ஊசியால் கால் பார் அழுத்தத்தைத்தான் தாங்க முடியும், கார் டயரில் இருக்கும் காற்றே இரண்டு பார். என் டேங்கில் இருக்கும் பம்ப்போ மூன்று பார் தள்ளுகிறது. எங்கள் லைனில் கால் பாரை யாரும் அழுத்தம் என்றே சொல்ல மாட்டோம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

டேங்க் பம்ப்பைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, நன்றாக இருக்கிறது. நடுவில் ஒரு ரெகுலேட்டரை வைத்தேன். அதன் திருகைத் திருப்பினால் அழுத்தம் கூடும், குறையும். மிஞ்சும் பெட்ரோல் பழைய ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு இணைப்பையும் காற்றடித்துச் சோதித்தேன். ஒரு குமிழி வரவில்லை. கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

ஒர்க்‌ஷாப் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்திப் பம்ப்பை ஓடவிட்டேன். கேஜின் முள் அசையவில்லை. ரெகுலேட்டர் அடைத்துக்கொண்டது என்று நினைத்துத் திருகைத் திருப்பினேன். இன்னும் திருப்பினேன். முள் லேசாக அசைந்தது. அப்பாடா என்று நிமிர்கிறேன் — கார்பரேட்டர் மண்டையிலிருந்து பெட்ரோல் வழிந்து என்ஜின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. நல்லவேளை, என்ஜின் குளிர்ந்திருந்தது.

வாசனைக்கு ரெஜினா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். சாவியைத் திருப்பி எடுத்தாள். கத்தவில்லை. “எங்க வார்டுல இப்ப ரெண்டு பேரு கீறாங்க,” என்றாள். “ரெண்டு பேருமே சும்மா ரிப்பேர் பாத்துகினு இருந்தவங்கதான்.”

பிப்ரவரி 17

இன்றும் ரெஜினா டார்ச்சை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் போனாள்.

பிப்ரவரி 19

டீ இடைவேளையில் கம்பெனிச் சோதனை மேசை முன் நின்றேன். பத்து பார் கேஜ். முள் ஓய்வில் ஒரு சின்ன ஆணியில் சாய்ந்து நிற்கிறது. அரை பாரைத் தாண்டினால்தான் ஆணியை விட்டு நகரும். ஒர்க்‌ஷாப் கேஜும் அதே ரகம்தானே! அப்படியென்றால் கால் பார் அன்று முதலிலேயே சரியாக வந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. முள் அசைய வேண்டும் என்று இரண்டு மடங்காக ஏற்றியிருக்கிறேன். பதினோரு வருஷம் பெரிய எண்களையே பார்த்த கண். எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

அது சரி, கால் பாரை எதை வைத்து அளப்பது? சுப்பிரமணியிடமும் சின்ன கேஜ் இல்லையாம்.

பிப்ரவரி 22

என் முகத்தைப் பார்த்துவிட்டு ரெஜினா தானாகவே பி.பி. மீட்டரை எடுத்துவந்து கையில் சுற்றினாள். காற்றை அடிக்க அடிக்க முள் ஏறுகிறது. நூறு, நூற்றைம்பது, நூற்று எண்பது... முந்நூறு வரை எண்கள். பாதரச மில்லிமீட்டர் கணக்கில்! கால் பார் என்றால் நூற்று எண்பத்தேழு. நடுவிலேயே விழுகிறது! கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன். அசையாதே என்று திட்டினாள். இதை வைத்தே கார்பரேட்டருக்குப் போகும் அழுத்தத்தை அளக்கலாம் என்று சொன்னேன். அப்படியென்றால் மீட்டர் தன் கையில்தான் இருக்கும் என்றாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மணல் வாளி, தீயணைப்பான், குளிர்ந்த என்ஜின் — எல்லாம் அவள் உத்தரவு. கார்பரேட்டர் குழாயைக் கழற்றி மீட்டரோடு சேர்த்து, பெட்ரோல் அதைத் தொடாதபடி நடுவில் காற்று நிறைந்த நீளமான குழாயை மேலே தூக்கிக் கட்டினேன். அவள் தள்ளி நின்று எண்ணைச் சொன்னாள், நான் திருகைத் திருப்பினேன். முந்நூறைத் தாண்டி முட்டி நின்ற முள் மெல்ல இறங்கியது. “நூத்தி எண்பது. நிறுத்து,” என்றாள். “பேஷண்ட்டா இருந்தா மாத்திரை குடுத்திருப்பேன்.”

ஒரு வாரத்தில் அவள் அடித்த முதல் கிண்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெட்ரோல் ஆவி என்று சமாளித்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

ஓடியது! சுப்பிரமணி டியூனிங் செய்துவிட்டுப் போனான். கார் அடியில் அட்டை விரித்து வைத்தேன், ஒரு சொட்டு விழவில்லை. ரெஜினா மோந்து பார்க்க டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தாள். கிளட்சை வெடுக்கென்று விட்டதில் என்ஜின் நின்றுபோனது. நான் பானெட்டை மூடப்போனேன். அவள் சாவியைத் தொடாமல் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ஜின் நின்னுபோச்சு. பின்னால ஒண்ணு உர்ருனுகினே கீதே, அது யாருக்கு ஊத்திகினு கீது?”

ஓடிப்போய்ப் பின்னால் காதை வைத்தேன். டேங்க் பம்ப். சாவியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்திருந்தோம். இத்தனை வருஷம் என்ஜின் நின்றதும் அதை நிறுத்தியது யார்? அந்தச் செத்த பெட்டிதான். அதைக் கழற்றியபோது அந்த வேலையும் சேர்ந்து போனது என்று எனக்கும் தோன்றவில்லை, சுப்பிரமணிக்கும் தோன்றவில்லை. கார் எங்காவது மோதி, குழாய் உடைந்து, அவள் உள்ளே மயங்கிக் கிடந்தால்? பம்ப் பாட்டுக்குப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

மார்ச் 8

ஆயில் அழுத்தத்தைப் பார்த்து இயங்கும் ஒரு சுவிட்ச். என்ஜின் சுற்றினால்தான் ஆயில் அழுத்தம், அது இருந்தால்தான் பம்ப்புக்குக் கரண்ட். ஸ்டார்ட் செய்யும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்ஃப் ஸ்டார்ட்டரிலிருந்து தனி வயர். வேண்டுமென்றே பத்து தடவை என்ஜினை நிறுத்தினேன். மூன்று எண்ணுவதற்குள் பம்ப் பத்து தடவையும் அடங்கியது. எண்ணியது ரெஜினா.

மார்ச் 10

மோந்தாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மார்ச் 11

அதே.

மார்ச் 12

இன்று பானெட்டைத் திறக்கச் சொல்லி மோந்தாள். “பாக்கலாம்” என்றாள். பஸ்தான்.

மார்ச் 13

எழுந்தபோது விடிந்திருந்தது. வாசலில் அட்டை மட்டும் கிடந்தது, காய்ந்துபோய். உள்ளே வந்து பார்த்தேன். சாவி மாட்டும் ஆணியில் ரெஜினாவின் டார்ச் தொங்குகிறது.