ஓடைப் படத்தில் நம் தளம்

மெடலின், ஞாயிறு

அன்புள்ள மாரிசெல்லுக்கு,

நீயும் மருமகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கடையைத் திறக்கிறேன்; சுகம் என்றால் அதுதான் என்று வைத்துக்கொள். கலாமா பாலைவனத்தில் மழையே பெய்யாது என்று எழுதியிருந்தாய், நல்லது.

படிக்கட்டுச் சுவரில் நம் ஓடையைப் படமாகப் பதிக்கிறோம், தலிலா டீச்சர் ஏற்பாடு. மலையில் ஊற்றெடுக்கும் இடத்திலிருந்து கீழே ஆற்றில் சேருகிற வரை எல்லாம் உடைந்த சில்லு. வீட்டுக்கு வீடு உடைந்த தட்டும் கோப்பையும் கொண்டுவந்து, படத்தில் அவரவர் வீடு இருக்கும் இடத்தில் ஒட்டுகிறார்கள். கூட்டு வேலை என்றால் உனக்குத் தெரியுமே, தெருவுக்கே ஒரே அண்டாவில் சூப், கையை விட வாய்க்குத்தான் வேலை அதிகம். ஓடு, சிமெண்ட் விற்கிறவள் நான்தானே, சாந்து என் கடையுடையது. முதல் நாள் தண்ணீர் கூடிப்போய் சில்லெல்லாம் வழுக்கி விழுந்தது. கறிக்கடை ருபியேல், ‘அக்கா, உங்க சாந்தும் உங்கள மாதிரியே, யாரோடயும் ஒட்ட மாட்டேங்குது’ என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நம் வீட்டுப் பக்கம் வந்தபோது பார்த்தேன், படத்தில் ஓடை நீலமாகத் திறந்தே ஓடுகிறது. மேலே கான்கிரீட் தளம் இல்லை. இதே போல ஒரு கூட்டு வேலையில் உன் அப்பா முன்னால் நின்று, பைக் நிறுத்த இடம் வேண்டுமென்று ஓடையை மூடினோமே, அந்தத் தளம். அக்டோபர் வெள்ளத்தில் மரக்கிளையும் மெத்தையும் அதன் அடியில் தண்ணீர் போகும் வாயை அடைத்தது, அவர் இழுத்துவிட இறங்கியது, திரும்பி ஏறாதது, எல்லாம் அங்கேதான். தளம் எங்கே என்று கேட்டேன். டீச்சர் உன் அப்பாவை நினைத்துத் தயங்கி, ‘எவேலியோ அண்ணன் பேரு கெட வேணாம்னுதான் விட்டுட்டோம்’ என்றாள். வாய் குறுகல் என்று தளம் போட்ட அன்றைக்கே நீ போனில் சொன்னாய். நாலு மூட்டை சிமெண்ட் மிச்சமாகும் என்று குறுக்கச் சொன்னது நான், அவர் இல்லை. அதை அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். கடையிலிருந்து சாம்பல் நிற ஓடு கொண்டுவந்து நீலத்தின் மேல் இரண்டு முழத்துக்கு நானே ஒட்டினேன். அழுகை வரவில்லை. சாந்து இறுகிவிட்டதா என்று விரலால் தட்டிப் பார்த்தேன். சாப்பிட்டு முடிந்ததும் ருபியேல் மெதுவாக வந்து, ‘அக்கா, அப்ப நிஜத் தளத்தையும் உடைச்சிடலாமா’ என்றான். உடைப்போம் என்றேன். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணி. சம்மட்டி நம் கடையிலிருந்து, முதல் அடி நான் போடவேண்டுமாம்.

குளிரில் காதை மூடிக்கொண்டு படு. கடவுளும் கன்னி மாதாவும் உங்கள் இருவரையும் காக்கட்டும். அன்றைக்கு ஒன்பது மணிக்கு மறக்காமல் போன் போடு. ஒன்றும் பேசவேண்டாம். எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன், சத்தத்தை மட்டும் கேள்.

உன் அம்மா
ஃபாபியோலா