வீடியோவில் இன்னொரு அம்மா

கிள்ளான், மலேசியா

அன்புள்ள மகன் கால்வினுக்கு,

ஆண்டவர் தயவில் அப்பாவின் இருமல் நின்றுவிட்டது, ஏமியும் நானும் சுகம், டப்ளினில் குளிர் குறைந்ததா, உன் உடம்பு எப்படி? இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் நான் செய்த முதல் வேலை, ஏமியின் பள்ளி வீடியோவை மறுபடியும் பார்த்ததுதான். போனில் பேசினால் நீ "ரிலேக்ஸ் லா மா" என்று சொல்லி வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

ஏமியின் பள்ளி அனைத்துலகப் பள்ளிகளின் கூட்டமைப்பு ஒன்றில் சேர்ந்தது உனக்குத் தெரியும். டென்மார்க் பள்ளி ஒன்றோடு இணைத்திருக்கிறார்கள், நவம்பரில் அங்கிருந்து பிள்ளைகள் வருவார்கள், அடுத்த வருடம் இங்கிருந்து போவார்கள். ஏமிக்கு இடம் கிடைத்ததும் அலுவலகத்தில் எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தவள் நான். போன சனிக்கிழமை தொடக்க விழா. 'என் வீடு, என் குடும்பம்' என்று ஏமியின் வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்கள். வெள்ளை சோபா, பியானோ, நீச்சல் குளம் தெரியும் பால்கனி. பெற்றோர் சங்கத் தலைவர் கமலநாதனின் சுபாங் ஜெயா வீடு அது. அதையாவது விட்டுவிடலாம். அவர் மனைவி தாமரை, ஏமியின் தட்டில் தோசை வைக்கிறார், நம் ஏமி அவர் தோளில் சாய்ந்து, இதுதான் என் அம்மா என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன் கால்வின். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்திலிருந்த, ஏமியோடு படிக்கும் ஆயிஷாவின் அம்மா மட்டும் என் பக்கம் திரும்பாமலிருக்கப் படாத பாடு பட்டார்.

பொறுப்பாசிரியர் பாலன் சாரிடம் நேராகப் போனேன். "அக்கா, உங்க ஃபிளாட்ல லிஃப்ட் அடிக்கடி கெட்டுப் போகுது, காரிடார் முழுக்க துணி தொங்குது. வெளிநாட்டுக்காரங்க பாக்குறாங்க, ஸ்கூல் பேரு இருக்குல்ல" என்றார். லிஃப்ட்தான் கெட்டுப் போனது, அம்மாவுமா கெட்டுப் போனாள் என்று கேட்டேன். வீட்டுக்கு வந்தால் அப்பா, சினிமாவில் எத்தனை பேர் எத்தனை பேரை அம்மா என்கிறார்கள், விடு ரோஸ் என்று சிரிக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு அவரே மேகி மீ நூடுல்ஸ் போட்டுக்கொள்கிறார்.

ஏமியைக் கேட்டேன். அழுதுகொண்டே, "அண்ணன்தான் மா எழுதிக் கொடுத்துச்சு" என்றாள். ஒவ்வொரு வரியையும் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பினாயாம். அந்த வரியையுமா? இந்த ஃபிளாட்டின் சமையலறை மேசையில் படித்துத்தானே நீ அங்கே போனாய்? யோசித்துப் பார்க்கிறேன், என் கோபம் பாலன் சார் மேலோ தாமரை மேலோ அவ்வளவு இல்லை. என் மேல் எப்படிச் சாய்வாளோ அப்படியே அந்த வீடியோவில் ஏமி சாய்கிறாள், கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது ஏமியின் டென்மார்க் தோழி ஃப்ரேயா, நவம்பரில் உன் வீட்டில்தான் தங்குவேன் என்று அவளுக்கு எழுதியிருக்கிறாள். ஏமி பத்து நாள் சுபாங் ஜெயா வீட்டில் போய் இருக்கட்டும், துணிமணி மட்டும் கொடுத்து அனுப்புங்கள் என்கிறார் பாலன் சார். எந்தப் பையை எடுத்துக்கொள்ளட்டும் என்று நேற்று ஏமி என்னைக் கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறக்காதே. ஏமிக்கு இனி எதையும் எழுதிக் கொடுக்காதே. கோபத்தோடு எழுதினாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை, ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

அப்பாவுக்கும் ஏமிக்கும் இன்னும் தெரியாது. ஃப்ரேயாவின் அம்மாவுக்கு இன்றிரவு நானே எழுதப் போகிறேன். ஏமியின் அம்மா நான்தான், எங்கள் வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் சில நாள் ஓடாது, உங்கள் மகள் என் மகளோடு ஒரே அறையில் படுக்க வேண்டும், சம்மதமானால் அனுப்புங்கள் என்று. இதனால் ஏமியின் இடம் போனால் போகட்டும்.

இப்படிக்கு,
உனக்கும் ஏமிக்கும் அம்மா,
ரோசலின்