செம்மறிக்குப் பாட வேண்டிய பாட்டு

தம்தின்,

ஃப்ளாஸ்கில் உப்புப் பால்தேநீர் இருக்கிறது. கறிக் கொழுக்கட்டை அடுப்பின் மேல். விடுதியிலிருந்து மகளைக் கூட்டிவரப் போகிறேன்.

குட்டியை அண்டவிடாமல் உதைத்த செம்மறியைக் காட்டி, "இதுவும் உன்னை மாதிரியே பிடிவாதக்காரிடீ" என்று நேற்று என்னிடம் சொன்னீர்களே, அது பிடிவாதமில்லை. தாய் குட்டியைச் சேர்த்துக்கொள்ள நீங்கள் "ச்சூ, ச்சூ" என்று பாடியது வெள்ளாட்டுக்குப் பாடும் பாட்டு! காலையில் நான் அதன் காதருகே உட்கார்ந்து "தோய்க், தோய்க்" என்று செம்மறிப் பாட்டையே பாடினேன். குட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பால் கொடுத்தது. மதியமும் நீங்கள் பாட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி உதைக்கும், குட்டி பிழைக்காது.

பி.கு.: நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை நீங்கள். எனக்குப் பாட்டெல்லாம் வேண்டாம். சாயங்காலம் கூடாரத்துக்கு வெளியே வந்து, "வந்துட்டியா?" என்று கேட்டால் போதும்.

ஹாண்ட்