‘முட்டையிடாது’ என்று நான் எழுதிக்கொடுத்த கோழி

24 நவம்பர் 2025, திங்கள், காலை 6.10

கோழி: ஒன்று. வயது: ஐந்து. முட்டை: பூஜ்யம்.

இந்த மூன்று எண்களை வைத்துத்தான் நேற்று சௌரிராஜன் சாரிடம் அனுமதி வாங்கினேன். வீட்டு ஓனர். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். கீழே அவரும் வைதேஹி மாமியும், மாடியில் நான். ஸ்ரீரங்கத்தில் இந்த வீட்டில் நான் பூண்டு வதக்கினாலே கீழே ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும். அங்கே போய்க் கோழி என்று ஆரம்பித்தது தைரியத்தால் இல்லை, வேறு வழியில்லாமல். கண் ஆபரேஷனுக்காக அம்மா பெங்களூரில் அக்கா வீட்டுக்குப் போகிறாள், தையில்தான் திரும்புவாள். எங்கள் ஊர் உப்பிலியபுரத்திலேயே அவள் கோழியைப் பக்கத்து வீட்டில் விடலாமே என்றேன். “விட்டா மறுநாளே குழம்பு வெச்சிட்டு, கீரி தூக்கிட்டுப் போச்சும்பாங்கடா.”

கோழியின் பெயர் மேஸ்திரி. நடையைப் பார்த்தால் காரணம் தெரியும்.

சார் கேட்ட கேள்வி இரண்டே. “பூரான் திங்குமோ?” திங்கும் சார். “முட்டை போடுமோ?” போடாது சார், ஆடியோட நின்னுபோச்சு.

“எழுதிக் குடு.”

எழுதிக்கொடுத்தேன். ‘இக்கோழி முட்டையிடாது.’ தேதி, கையெழுத்து. துவாக்குடி ஃபேக்டரியில் வெல்டிங்கைச் சோதித்து பாஸ், ரிஜெக்ட் என்று தினம் நாற்பது கையெழுத்துப் போடுகிறவன் நான். இது நாற்பத்தொன்றாவது.

26 நவம்பர், புதன்

கொல்லைப்பக்கம் பெருச்சாளி நடமாட்டம். வெளிச்சம் இருந்தால் கிட்ட வராது என்று கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பு, டைமர் மாட்டியாயிற்று. மாலை ஆறிலிருந்து பத்து வரை, விடிகாலை நாலிலிருந்து ஆறரை வரை எரியும். நாற்பது நிமிட வேலை. மாமி எட்டிப் பார்த்து, “கல்யாண மண்டபம் மாதிரின்னா பண்ணி வெச்சிருக்கே!” என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

29 நவம்பர்

பூரான்: இரண்டு. சாருக்குப் பரம திருப்தி.

6 டிசம்பர், சனி

மேஸ்திரி சுவரைக் கொத்துகிறது. பழைய சுண்ணாம்புச் சுவர், பொலபொலவென்று உதிர்கிறது. சார்: “ஏம்ப்பா, இது பூரானைத் திங்க வந்துதா, ஆத்தைத் திங்க வந்துதா?” தகரத் துண்டு ஒன்றை வைத்து மறைத்துவிட்டேன். கெட்ட பழக்கம், வேறொன்றுமில்லை.

கொண்டை நன்றாகச் சிவந்திருக்கிறது. என் கவனிப்பு அப்படி.

13 டிசம்பர், சனி, காலை 7.25

முட்டை: ஒன்று.

எப்படி? ஐந்து வயது. நான்கு மாதமாக ஒன்றும் இல்லை. யார் கேட்டார்கள் இப்போது?

சாரிடம் சொல்ல வேண்டும். சாயங்காலம் சொல்கிறேன்.

மாலை 7.00: சொல்லவில்லை. சார் அந்தப் பேப்பரைக் கண்ணாடி அலமாரியில் வீட்டு வரி ரசீதுக்கு மேல் வைத்திருக்கிறார். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிறது. ஒரு முட்டைதானே, கடைசியாக இருக்கும்.

15 டிசம்பர், திங்கள்

முட்டையை டிபன் பாக்ஸில் பஞ்சு சுற்றி எடுத்துப்போய் ஆஸ்டினிடம் கொடுத்தேன். வேலையில் எனக்குப் பக்கத்து மேஜை. டீக்கடையில் ஆம்லெட் போடச் சொல்லி நின்றபடியே சாப்பிட்டான். “மச்சான், ஸ்ரீரங்கத்துலேர்ந்து முட்டை கடத்துற முத ஆளு நீதான்டா.”

18 டிசம்பர்

இரண்டு.

22 டிசம்பர், திங்கள்

மூன்று. ஓடு மெல்லிசு, தடவினால் மணல்தாள் மாதிரி. அடுத்தடுத்த மூன்று பைப்பில் கனம் இப்படிக் குறைந்தால் வேலையை அங்கேயே நிறுத்தியிருப்பேன். இங்கே டிபன் பாக்ஸைத்தான் தேடினேன்.

இன்று ஃபேக்டரியில் ஒருத்தன் விரிசல் தெரியாமல் மேலே தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தான். எல்லார் முன்னாலும் கத்தினேன்: “தெரிஞ்சே மறைச்சா அதுக்குப் பேரு குறை இல்லய்யா, திருட்டு!” காலுக்குக் கீழே என் பை. பைக்குள் முட்டை.

29 டிசம்பர், திங்கள், மாலை

ஏழு நாளாக முட்டை இல்லை. நிம்மதி என்று எழுதத்தான் நோட்டை எடுத்தேன். ஆனால் மேஸ்திரி கூட்டை விட்டு இறங்கவில்லை. தீனி அப்படியே இருக்கிறது. என்னைப் பார்த்தால் திட்டுவது போல் ஒரு சத்தம் கொடுக்கும், அதுவும் இல்லை.

குளிராக இருக்கும்.

30 டிசம்பர், செவ்வாய், வைகுண்ட ஏகாதசி

குளிர் இல்லை.

காலை பத்தரைக்கு மாமி குரல். “அன்பு, கீழ வாயேன். உன் கோழி நிக்கறதே சரியில்லைடா.” உடம்பை நிமிர்த்தி, வாலைத் தாழ்த்தி, காலை அகட்டிக்கொண்டு நிற்கிறது. முக்குகிறது. ஒன்றும் வரவில்லை. கண் சொக்குகிறது.

பைக்கை எடுத்தேன். தெருமுனையில் தடுப்பு. சொர்க்கவாசல் கூட்டம், எந்தப் பக்கமும் வண்டி விடவில்லை. போலீஸ்காரரிடம் கோழி என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். ஆஸ்டின் தன் நாயைக் காட்டுகிற கன்டோன்மென்ட் டாக்டர் அஃப்ஷீனின் நம்பர் அனுப்பினான். அத்தனை கூட்டத்தில் சிக்னலும் இல்லை. எட்டாவது தடவை லைன் கிடைத்தது.

“முட்டை மாட்டியிருக்குங்க. வயித்தை அழுத்திடாதீங்க, உள்ள உடைஞ்சா கோழி போயிடும். வெதுவெதுப்பான தண்ணியில இருபது நிமிஷம் பாதி உடம்பு மூழ்க உக்கார வைங்க. சுண்ணாம்புச் சத்து குடுக்குறீங்களா?”

“இல்லைங்க.”

“சுவத்தைக் கொத்துச்சா?”

“...கொத்துச்சு.”

“கூட்டுல லைட் எரியுதா?”

எரிகிறது என்றேன். “பகல் நீளமாயிடுச்சுன்னு நினைச்சு திரும்ப முட்டை போட ஆரம்பிச்சிருக்குங்க. இந்த வயசுல உடம்புல அதுக்குச் சத்து இல்ல. முதல்ல லைட்டைக் கழட்டுங்க” என்றார்.

நான் மாட்டிய லைட். டைமரோடு. அதற்கு வேண்டியதைக் கேட்டுச் சுவரைக் கொத்தினால், தகரம் வைத்து மறைத்தவனும் நான்தான். கெட்ட பழக்கமாம்!

மாமி பழைய பக்கெட்டில் வெந்நீர் விளாவிக் கொண்டுவந்தார். “நான் தொடமாட்டேன், இன்னிக்கு மடி. மத்ததெல்லாம் பண்றேன்.” அவருடைய எலும்பு மாத்திரையின் பெயரை டாக்டரிடம் படித்துக் காட்டி, கால் துண்டு பொடித்துக் கரைத்துக் கொடுத்தார். அலகில் சொட்டுச் சொட்டாக விட்டேன். பிறகு பக்கெட்டில் உட்கார வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். போனில் சார்ஜ் போய்விட்டது. மணி?

“நான் சொல்ற ஸ்லோகம் முடிய இருபது நிமிஷம். முப்பது வருஷமா பாலை அடுப்புல வெச்சுட்டு அதை நம்பிண்டுதான் இருக்கேன்” என்று சொல்லி, படியில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டார்.

பாதியில் சார் வந்தார். விடிகாலை மூன்று மணியிலிருந்து வரிசையில் நின்று, சேவித்துவிட்டு, பட்டினியோடு. “என்ன நடக்கறது இங்க?” மாமி நடுவில் நிறுத்த மாட்டார். என்னைக் கை காட்டினார்.

சொன்னேன். “சார், இது முட்டை போடுது. டிசம்பர் பதிமூணுலேர்ந்து. நான் போட்ட லைட்டாலதான். சொல்லாம மறைச்சேன். இதுவரைக்கும் மூணு முட்டை.”

மாமி ஸ்லோகத்தை விடாமல் கையைத் தூக்கினார். நாலு விரல்.

சாரும் நானும் அந்தக் கையையே பார்த்தோம். இன்னும் ஏழெட்டு நிமிஷம் ஸ்லோகம் பாக்கி. ஏழெட்டு நிமிஷம் இவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மேஸ்திரியின் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிட்டால்? அம்மாவுக்கு எப்படிச் சொல்வேன்? செத்துடாத. சத்தியமா லைட்டைக் கழட்டிடுறேன், செத்துடாத.

ஸ்லோகம் முடிந்தது. “தேங்காமட்டைக் குவியல்ல ஒண்ணு கிடந்தது. வெளக்கமாத்தால விசிறி மேல உருட்டி, பூக்காரிகிட்ட குடுத்துட்டேன். சொன்னா இவர் உன்னைக் காலி பண்ணச் சொல்லிடுவார். அப்புறம் பூரானை யார் அடிக்கறதாம்?”

“நீயும் கூட்டா?” என்றார் சார். உள்ளே போனார். பேப்பரைத்தான் எடுத்துவரப் போகிறார் என்று நினைத்தேன். பழைய துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். “ஈரத்தோட விடாதே.”

துடைத்து, கூடையில் வைக்கோல் போட்டு, இருட்டாக மூடி வைத்தேன். 1.40க்கு வந்தது. ஓடே இல்லை, தோல்தான். மேஸ்திரி ஐந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு, எழுந்து, என்னைத் திட்டியது.

சார் ஜன்னலிலிருந்து: “ஆச்சா?”

“ஆச்சு சார்.”

“ஏகாதசியும் அதுவுமா...” ஜன்னல் சாத்தும் சத்தம்.

4 ஜனவரி 2026, ஞாயிறு

டாக்டர் அஃப்ஷீன் நேரில் பார்த்தார். உள்ளே மிச்சம் எதுவும் இல்லை, கால்சியம் ஊசி ஒன்று போட்டார். “தப்பு கோழி மேல இல்லீங்க” என்று சிரித்தார். தெரியும்.

11 ஜனவரி, ஞாயிறு, காலை 6.10

கோழி: ஒன்று. பன்னிரண்டு நாளாக முட்டை: பூஜ்யம். பூரான்: மூன்று.

புதுப் பேப்பர் எழுதிக் கொண்டுபோனேன். ‘இக்கோழி முட்டையிடலாம். இட்டால் அன்றே தெரிவிப்பேன். — அன்புச்செல்வன்.’ சார் இரண்டு தடவை படித்தார். பேனா வாங்கி, அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: ‘கொல்லை வாசல் வழியாக எடுத்துச் செல்லவும்.’ பழைய பேப்பரைக் கிழிக்கவில்லை, இரண்டையும் சேர்த்துப் பின் குத்தி அலமாரியில் வைத்தார்.

பொங்கலுக்கு வந்து மேஸ்திரியைக் கூட்டிப்போவதாக அம்மா போனில் சொன்னாள். அதைச் சாரிடம் சொன்னதும், “ஏன், இங்க அதுக்கு என்ன குறைச்சல்? உங்கம்மா நம்பரைக் குடு, நான் பேசறேன்” என்கிறார்.

இனி செய்ய வேண்டியவை:

1. கூட்டின் வயரை முழுக்க உருவ வேண்டும். பெருச்சாளிக்கு இரும்பு வலை.
2. கிளிஞ்சல் தூள் ஒரு கிலோ. சுவரை மறைத்த தகரத்தையும் எடுத்துவிட வேண்டும்.
3. மாமிக்குப் புது மாத்திரை அட்டை.
4. சார் போன் பேசுவதற்கு முன், அவர் கேட்கப்போவது கோழியை என்று அம்மாவை எச்சரிக்க வேண்டும்.
5. ஃபேக்டரியில் அந்த விரிசல்காரரிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். சிரிப்பார். சிரிக்கட்டும்.
6. தேங்காய்மட்டையில் கிடந்த முட்டை எந்தத் தேதி என்று மாமியிடம் கேட்க வேண்டும். டிசம்பர் பக்கத்தில் ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.