கருவாட்டு லொறியில் வந்த புத்தகங்கள்

கற்பிட்டி
12.11.2018

அன்பின் தங்கச்சி முஃபீதாவுக்கு,

நீயும் உன் புருஷன் இன்சாப் நானாவும் மகள் அஸ்காவும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனிலேயே கதைக்கலாமே என்று எழுதியிருந்தாய். போனில் கதைத்தால் கருவாட்டு விலைதான் கதைப்போம். புத்தகத்தைப் பற்றிக் கதைக்கக் கடிதம்தான் சரி.

நம் இருவரையும் தையல் வகுப்பில் சேர்த்த தொண்டு நிறுவனம் மூடிப் போகும்போது விட்டுப்போன பெட்டியை நேற்று அடிவரை கிண்டினேன். மேலே நாவல்கள். நடுவில் சமூகம், சாதி, சண்டை என்று தடித்த புத்தகங்கள். அடியில் பறவை, பாம்பு, மரம். பறவைப் புத்தகத்தை என் தம்பி றொமேஷ் பறித்துக்கொண்டான். படகில்கூடக் கொண்டுபோகிறான்.

இத்துடன் வரும் நாவலில் ஒருத்தி தன்னை அடிக்கிற புருஷனை உலக்கையால் சாத்துகிறாள். மூன்று தரம் வாசித்தேன். பஸ்தியானுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "இதென்ன கதையடி, நிப்பாட்டு" என்றார். அன்றிலிருந்து என் மேல் கை ஓங்கவில்லை. புத்தகத்தால் பயனில்லை என்று யார் சொன்னது?

போன புத்தகம் மஞ்சள் கறையோடு திரும்பி வந்தது. தைக்கிற கையா, கறி சமைக்கிற கையா என்று பார்த்துப் புரட்டு.

அன்பு அக்கா,
அனஸ்தாசியா


தில்லையடி
03.01.2019

அன்பின் அக்கா,

இறைவன் கிருபையால் நலம். கறைக்கு மன்னிப்பு. ஆனால் உங்கள் புத்தகங்கள் இவருடைய கருவாட்டு லொறியில் வந்து கருவாடு மணக்கின்றனவே, அதற்கு நான் ஏதாவது சொன்னேனா?

நாவலுக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய இடப்பெயர்வுப் புத்தகத்தை முடித்துவிட்டேன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து இயக்கத்தால் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் எங்களுக்கு அதில் ஓர் அட்டவணையே இருக்கிறது. எத்தனை குடும்பம், எத்தனை படகு என்று எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். வாப்பா வாசலில் நின்று "ஏன் போகணும்?" என்று கேட்டார். துவக்குப் பிடியால் வாயில் அடித்தார்கள். நான்கு பல் உம்மாவின் காலடியில் விழுந்தது. உம்மாவின் தோட்டைக் கழற்ற நேரம் கொடுக்காமல் காதோடு இழுத்தார்கள். எனக்குப் பத்து வயது. இது எந்தக் கட்டத்திலும் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

இனிக் கொஞ்ச நாளைக்கு மனிதர் இல்லாத புத்தகம் வேண்டும். றொமேஷ் தம்பியிடம் கேட்டுப் பறவைப் புத்தகத்தை அனுப்புவீர்களா?

அன்புத் தங்கை,
முஃபீதா


கற்பிட்டி
20.02.2019

அன்பின் முஃபீதா,

கேட்டதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு அவனே கடதாசியில் சுற்றித் தந்தான். "முஃபீதா அக்காவெண்டபடியாக் குடுக்கிறன். பக்கம் மடிச்சா கொலை விழும்" என்று சொல்லச் சொன்னான்.

நடுவில் எங்கள் கடலோரக் களப்பின் வரைபடம் இருக்கிறது. எந்தத் திட்டில் எந்தப் பறவை கூடு கட்டுகிறது என்று புள்ளி வைத்திருக்கிறான். ஓரமெல்லாம் அவனுடைய கோழிக்கிறுக்கல். எனக்கு வாசித்துக் காட்ட மாட்டான். அடுத்த வாரம் நீர்கொழும்பில் ஒரு வேலைக்குப் போகிறான். பாஸ்குத் திருநாள் முடிய வந்து உன்னிடம் நேரில் வாங்குவானாம்.

அன்பு அக்கா,
அனஸ்தாசியா


02.05.2019

முஃபீதா,

றொமேஷ் நீர்கொழும்பில் உயிர்த்த ஞாயிறுப் பூசைக்குப் போனான். குண்டு வெடித்தபோது கோயிலுக்குள் இருந்தான். சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. நான் திறந்தேன். என்ன பார்த்தேன் என்று எழுத மாட்டேன். கையைப் பார்த்துத்தான் அவனென்று அறிந்தேன்.

"செய்தவன்கள் எங்கள் ஆக்கள் இல்லை" என்று எழுத நினைப்பாய். எழுதாதே. இப்போது எனக்கு எதுவும் காதில் ஏறாது. தாடி வைத்த ஒருவரைத் தெருவில் கண்டால் கழுத்தை நெரிக்க வேண்டும் போல் வருகிறது.

அவனுடைய உடுப்பு, போன் எல்லாம் எரிந்துவிட்டன. அவனுடைய எழுத்து உள்ளது அந்தப் பறவைப் புத்தகம் ஒன்றில்தான். உடனே அனுப்பு. தபாலில் அனுப்பு. இன்சாப் நானாவின் லொறி இந்தப் பக்கம் வர வேண்டாம்.

றொமேஷின் அக்கா


தில்லையடி
19.05.2019

அன்பின் அக்கா,

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. புத்தகம் இல்லை. நான் எரித்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு. தம்பி மௌத்தான செய்தி எங்களுக்குத் தெரியாது. வீடு வீடாக ராணுவம் சோதனைக்கு வருகிறது என்றார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவரை ஒரு புத்தகத்துக்காக மனைவி பிள்ளைகள் முன் அடித்து ஏற்றிப் போனார்கள் என்று கதை. இவர் சொன்னார்: "அவங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியா. படத்தத்தான் பாப்பாங்க." படமில்லாத புத்தகங்களை அலுமாரியில் விட்டோம். வரைபடமும் புள்ளியும் உள்ளது பறவைப் புத்தகம் ஒன்றுதான்; குண்டு வைக்கப் போட்ட திட்டம் என்பார்கள். அஸ்காவின் வாப்பாவை இழுத்துப் போவார்கள் என்ற பயத்தில் ஒவ்வொரு தாளாகக் கிழித்து அடுப்பில் வைத்தேன். அந்த நெருப்பில்தான் சோறு வெந்தது. பிள்ளை சாப்பிட்டது. நான் வாயில் வைக்கவில்லை.

மறுநாள் வந்தார்கள். அதிகாரி தமிழ் தெரிந்தவர். இடப்பெயர்வுப் புத்தகத்தில் நான் பென்சிலால் எழுதியதை வாசித்தார். மூடி வைத்துவிட்டுப் போனார். அவருக்கு அந்தப் பறவைகளால் ஒரு பயமும் வந்திருக்காது.

அந்தப் புத்தகத்தை இரண்டு மாதம் தினமும் வாசித்தேன். தம்பி ஓரங்களில் எழுதிய எல்லாம் எனக்கு மனப்பாடம். பக்க எண்ணோடு ஒரு கொப்பியில் எழுதினேன். தபாலை நம்பாமல், நீங்கள் வர வேண்டாம் என்றதையும் கேளாமல், இவர் போன திங்கட்கிழமை அதை லொறியில் எடுத்துக்கொண்டு வந்தார். உங்கள் சந்தியில் நாலைந்து பேர் மறித்துக் கல்லெறிந்தார்களாம். முன்கண்ணாடி நொறுங்கிக் கண்ணில் ஏறியது. இடது கண் இனித் தெரியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். யார் எறிந்தது என்று கேட்டால், "முகம் பாக்கல்ல" என்கிறார்.

இத்துடன் தபாலிலேயே வரும் கொப்பியில் உள்ளது அவருடைய இரத்தம். வேறு கொப்பியில் எழுத எனக்குத் தெம்பில்லை. என்னை ஏசுங்கள், அடியுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கை,
முஃபீதா


கற்பிட்டி
11.06.2019

முஃபீதா,

கொப்பி கிடைத்தது. எரித்தேன் என்ற வரியை வாசித்ததும் உன்னைக் கொல்ல வேண்டும் போல் இருந்தது. கடிதத்தைக் கசக்கி எறிந்து, பிறகு பொறுக்கி விரித்து மிச்சத்தை வாசித்தேன்.

நாற்பத்தோராம் பக்கத்தில், "ஆலா. நடுத்திட்டு. மூன்று முட்டை. அக்காவுக்குச் சொல்லக் கூடாது, பொரிச்சுப்போடுவா" என்று எழுதியிருந்தானா? நான் அறியவில்லை. அதை வாசித்துச் சிரித்தேன். அவன் போனபிறகு முதல்தரம் சிரித்தேன். பஸ்தியான் ஓடிவந்து எனக்குப் பைத்தியம் என்று நினைத்துத் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். இரத்தம் காய்ந்து இரண்டு தாளும் ஒட்டியிருந்தன. கத்தியால் மெல்லப் பிரித்தேன்.

அந்தத் திங்கட்கிழமை நானும் சந்தியில் நின்றேன். லொறியை அடையாளம் கண்டேன். உன் புருஷன் வேகத்தைக் குறைத்து, கொப்பியைத் தூக்கிக் காட்டி, "அனஸ்தாசியா, தங்கச்சி" என்று கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. கையில் கல் இருந்தது. எறிந்தேன். மற்றவர்கள் எறிந்தது அதற்குப் பிறகு. கண்ணாடியை நொறுக்கியது என்னுடைய கல்.

அவர் என் முகத்தை நேரே பார்த்தார். உன்னிடம் சொல்லியிருப்பார் என்றுதான் இத்தனை நாள் பொலிஸ் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை என்று உன் கடிதத்தில்தான் அறிந்தேன்.

இந்தக் கடிதத்தை அவருக்கு முழுதாக வாசித்துக் காட்டு. அவர் சொன்னால் பொலிஸுக்கு நானே போகிறேன். பெட்டியில் மிஞ்சியிருந்த புத்தகங்களையெல்லாம் புத்தளம் பஸ்ஸில் உனக்கு ஏற்றிவிட்டேன். வைத்திருப்பதும் எரிப்பதும் உன் விருப்பம். திருப்பி அனுப்பாதே.

கொப்பியை மட்டும் கேட்காதே. அது தலைமாட்டில் இருக்கிறது. தம்பியின் வரிகளைப் பார்க்க ஒவ்வொரு தரமும் அவருடைய இரத்தத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

அனஸ்தாசியா