சுருங்காத மூளை

சேசு மரி சூசை துணை

வண்டூர்

அன்புள்ள மகன் பிரவினுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் மூச்சோடு இருக்கிறோம், நீயும் மருமகள் கேத்தரினும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய், அப்பா என் பக்கத்தைவிட்டு நகர்வதில்லை, அவர் காதுபடச் சொல்ல எனக்கு நா எழவில்லை, அதனால்தான் எழுதி, தீவிலிருந்து கப்பலில் சென்னைக்கு வரும் நம்மூர் ஜெகநாதனிடம் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவின் ஸ்கேன் படமும் உள்ளே இருக்கிறது. எழுபத்துநாலு வயதுக்கு மூளை அவ்வளவாகச் சுருங்கவில்லை என்று டாக்டர் சொன்னதும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். அப்படியென்றால் பயமில்லை என்று நீயும் சொன்னாய். டாக்டர் அதற்குப் பிறகும் பேசினார், அதை உன்னிடம் மறைத்துவிட்டேன். அளவை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, சிலருக்குச் சுருங்கியும் புத்தி தெளிவாயிருக்கும், இவருக்கு அளவு இருந்தும் நினைவு நழுவுகிறது, போனது திரும்பாது என்றார். பக்கத்து வீட்டுத் தம்பையாவுக்கு மூளை சுருங்கிவிட்டது என்று இரண்டு வருடம் முன்பே சொன்னார்கள், அந்த மனுஷன் இன்னும் சீட்டாட்டத்தில் எல்லாரையும் ஜெயிக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது, பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொல்லிவிட்டேன்.

பிறையைப் பார்த்தே கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் சொன்ன அப்பா, போன வாரம் நல்ல வற்றத்தில் படகை இறக்கிச் சேற்றில் மாட்டிக்கொண்டார். இழுத்துவிட வந்த பெங்காலிக்காரர்களிடம், இத்தனை வருடம் பேசிய இந்தியில் ஒரு வார்த்தை வரவில்லை, திருதிருவென்று முழித்தாராம். அதிலிருந்து படகு எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். தினமும் தேடுகிறார், நானும் கூடச் சேர்ந்து தேடுகிறேன்.

நேற்று சாயங்காலம் ஜெபமாலையை வழக்கம்போல் அப்பாதான் முன்னின்று சொன்னார். தூரத்துப் பிள்ளைகளுக்காக வேண்டும் இடத்தில் உன் பெயர் வரவில்லை, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கடைசியில் இறந்தவர்களுக்காக வேண்டும்போது தாத்தா பெயர், சித்தப்பா பெயர் சொல்லி, “எங்க மவன் பிரவின் ஆத்துமம் சமாதானத்துல இளைப்பாறக்கடவது” என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது அவருக்கு. சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம் மகனே, என் வாய் ஆமென் சொல்லிவிட்டது.

கேத்தரினை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். கிறிஸ்துமஸ் வரை காத்திராமல் கிடைக்கிற கப்பலில் வா. ஒன்று மட்டும் நினைவில் வை, வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லாதே, அப்பா பயந்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா
அமுதம் இருதயநாதன்